பழைய படம், அதே பெயர்

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் மின்னல். மற்றவர்களின் இணையத் தளங்களைத் தன் சர்வர்களில் வைத்து நடத்தும் அவருடைய ஹோஸ்டிங் நிறுவனத்தில் எந்த இணையப் பக்கமும் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட வேண்டும். அதற்காக, ஒருமுறை பார்த்த படத்தைப் பார்த்தவர் ஃபோனே ஒரு வருடம் சேமித்துக்கொள்ளும்படி எல்லாத் தளங்களுக்கும் ஒரே கட்டளை போட்டிருந்தார். படத்தை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஃபோன் எங்களைக் கேட்காமலேயே பழையதைக் காட்டிக்கொண்டிருக்கும். இதை எந்த வாடிக்கையாளரிடமும் அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

ஒரு நாள் காலையில் எங்கள் வாடிக்கையாளரான குழந்தைகள் கிளினிக் ஒன்றிலிருந்து புகார். சளி மருந்தின் அளவுப் படத்தில் அரை ஸ்பூனுக்குப் பதில் இரண்டு ஸ்பூன் என்று போட்டுவிட்டார்கள். திருத்தி அதே பெயரில் ஏற்றியும் பலருக்குப் பழையதே தெரிகிறதாம். மின்னல் எங்கள் சர்வர்களில் இருந்த நகல்களை அழித்தார், அந்தப் பக்கத்தை அதுவரை திறந்திராத தன் கணினியில் பார்த்தார், ‘தீர்ந்தது’ என்று புகாரை மூடினார். ஃபோன்களில் இருப்பது அப்படியேதான் இருக்கும், கோப்பின் பெயரை மாற்றிவிடலாம் என்றேன். நம் தப்பை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், சும்மா இரு என்றார்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். கைக்குழந்தைக்குச் சளி.

"கிளினிக் பக்கத்துல ரெண்டு ஸ்பூன்னு போட்டிருக்குடா. ஜாஸ்தியா தெரியுதே?"

அரை ஸ்பூன்தான், கொடுத்துவிடாதே என்று கத்தினேன். மேல்வீட்டுப் பெண்ணும் அதைப் பார்த்துத்தான் தன் குழந்தைக்குக் கொடுக்கிறாள் என்றவள், ஃபோனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மின்னலின் ஃபோனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் வேகத்துக்குச் சாட்சியாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர் காட்டும் பக்கம் அது. இரண்டு ஸ்பூன் என்றுதான் இருந்தது. அவர் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, அதில் சேர்ந்திருந்ததை அழித்துவிட்டு, புதுப் படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இப்ப சரியாயிடுச்சு பாரு."

எந்தக் கூச்சமும் இல்லாமல் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டே சொன்னார். அவர் மீதும், இந்த ஆளிடம் சம்பளம் வாங்கும் என் மீதும் அருவருப்பாக இருந்தது.

என் மேசைக்குப் போய்க் கோப்பின் பெயரை மாற்றினேன். அவர் பின்னாலேயே வந்து, யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார். அதற்குள் அக்கா மறுபடி கூப்பிட்டாள். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மதியம் குடுத்தாளாம்டா. புள்ள எழுப்பினா எழுந்திருக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க."

மின்னல் மிட்டாயை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"அவங்க ஃபோன்லயும் அழிச்சிட்டுப் பார்க்கச் சொல்லு" என்றார்.