சுருளக்காவின் தோளும் டைரக்டரின் கொள்கையும்

மூன்று நாற்காலி போட்ட சலூனுக்கு டைரக்டர் எதற்கு என்று கேட்பவர்கள், அந்தக் கடையின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்க்காதவர்கள். அதன் கீழ்ப்பாதி முழுக்க, தன்னை டைரக்டர் என்று கூப்பிடச் சொன்ன முதலாளியின் சிரிப்பு ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தது. மேல்பாதிதான் கடைக்கு.

ஒட்டிய மறுநாளே சிக்கல். நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் தலை வெளியே தெரியவில்லை. கூட்டம் நெரிந்தாலும் தெருவிலிருந்து பார்த்தால் கடை காலி. வேறு யாராவது என்றால் சிரிப்பைக் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள். டைரக்டர் நாற்காலிகளை ஏற்றினார். பெடலை விட்டு விட்டு மிதித்தால் ஏறும், மிதித்தபடி பிடித்தால் இறங்கும் நாற்காலிகள் அவை. மூன்றையும் முழு உயரத்துக்கு மிதித்து நிறுத்திவிட்டு, "கஸ்டமரை உயர்த்தி வைக்கிறது நம்ம கொள்கை. யாரும் இறக்கக் கூடாது" என்று அறிவித்தார். கொள்கை என்று சொல்லிவிட்ட பிறகு யார் வாய் திறப்பது?

கடைசி நாற்காலி சுருளக்காவுடையது. சுருட்டை முடி வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் வந்த பெயர். ஆள் குள்ளம். கொள்கை வந்ததிலிருந்து, கொடியில் துணி காயப்போடுகிறவள் மாதிரி நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடியேதான் வெட்டினாள். முதலில் வலது கட்டைவிரலில் வலி. பிறகு அது முழங்கைக்கு ஏறியது. பிறகு கத்தரி கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது.

விரலுக்கு உறை போட்டாள், தைலம் தேய்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பு பிரமாதமாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார்கள். ஊருக்கெல்லாம் தலை வாரியவளால் தன் தலையைப் பின்ன முடியவில்லை. தச்சுவேலை செய்யும் வீட்டுக்காரர்தான் பின்னிவிட்டார். கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி, முடிச்சுப் போட்டு, ஆடுகிறதா என்று இழுத்தும் பார்ப்பார்.

டைரக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்பது துண்டு மூட்டைக்கும் ஷாம்பு கேன்களுக்கும் நடுவில் ஒரு மேசை.

"வலின்னு நினைச்சாதாம்மா வலி. மனசைப் பழக்கணும். என்னைப் பாரு, எனக்கு வலிக்குதா?"

"நீங்க எங்க சார் வெட்டுறீங்க?"

டைரக்டரின் முகத்திலிருந்து ஸ்டிக்கர் சிரிப்பு உரிந்தது. "மாசக் கடைசி வரைக்கும் பாரு. கை சரியாகலேன்னா துண்டு மடி, போன் எடு. நாற்காலிக்கு வேற ஆளை வரச் சொல்லிடுறேன்."

வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "துண்டு மடிக்கிறதும் வேலைதானே? கைக்கு ஓய்வாவது கிடைக்கும்."

"உங்க உளியைப் புடுங்கிக்கிட்டு மரத்தூளைக் கூட்டச் சொன்னா கூட்டுவீங்களா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "சரி, தெரியாம சொல்லிட்டேன். தலையை ஆட்டாத, கோணுது. எங்க பட்டறையில ஒருத்தருக்குக் கழுத்தே திரும்பாம கெடந்துச்சு. ஒரு தசை சிகிச்சைக்காரம்மாகிட்ட போனாரு. இப்ப அடுத்தவன் வேலையை எட்டிப் பாக்குற அளவுக்குத் திரும்புது. போய்ப் பாப்போமா?"

டயர் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. முகம் வைக்க ஓட்டை போட்ட ஒரு கட்டில், சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். சுருளக்கா அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு சிகிச்சைக்காரம்மா, "பாதி படிச்சு வாங்குனது, மீதி சுவத்து ஈரத்தை மறைக்க. படு" என்றாள்.

வலித்த விரலை அவள் தொடவே இல்லை. தோள்பட்டை எலும்பின் மேல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று அழுத்தினாள். சுருளக்கா கட்டிலோடு எகிறினாள்.

"ஐயோ! அங்க அமுக்குனா விரல்ல ஏங்க சுள்ளுங்குது?"

"கதவைத் தட்டுறது ஒரு வீட்ல, சத்தம் கேக்குறது பக்கத்து வீட்ல. இந்தத் தசை இறுகிப் போய் இளக மாட்டேங்குது. மூச்சை விடு, பிடிச்சு வைக்காத. வலி குறையுதா?"

முதலில் குறையவில்லை. திட்டலாமா என்று சுருளக்கா யோசித்துக்கொண்டிருந்தபோது, அழுத்திய விரலுக்கு அடியில் ஏதோ மெல்ல இளகியது. விரல் சுள்ளென்பதும் அடங்கியது. அன்று ராத்திரி தன் பின்னலைத் தானே அவிழ்த்தாள்.

இரண்டு நாள் கடைக்குப் போனதும் வலி பழையபடி திரும்பி வந்தது. மறுபடி மாடி, மறுபடி அழுத்தல். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளகும், கொஞ்ச நாள் தாங்கும், திரும்ப இறுகும். ஒருநாள் சிகிச்சைக்காரம்மாவுக்கே பொறுமை போய்விட்டது.

"நான் அவிழ்த்து விடுறேன், நீ முடிச்சுப் போட்டுக்கிட்டு வர்ற. எப்படி நின்னு வெட்டுவ? காட்டு."

சுருளக்கா கையைத் தூக்கிக் காட்டினாள்.

"யாருக்கும்மா வெட்டுற, ஒட்டகச்சிவிங்கிக்கா? நாற்காலியை இறக்கு!"

"இறக்கக் கூடாதுங்க. டைரக்டர் கொள்கை."

"கொள்கைக்குத் தோள் இருக்கா? அதைக் கூட்டிட்டு வா, அமுக்கி விடுறேன்."

மாசக் கடைசியில் டைரக்டர் விளம்பர வீடியோவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். தானே நாற்காலியில் அமர்ந்து முடி வெட்டிக்கொள்ள, வீடியோக்காரர் தெருவில் நின்று எடுக்க வேண்டும்: கீழே ஸ்டிக்கர் சிரிப்பு, மேலே அசல் சிரிப்பு. வெட்டுவதற்கு மட்டும் சுருளக்காவைத்தான் அழைத்தார். இடது காதோரம் நீளமாக வளர்த்த முடியை உச்சி வழியாக வலது காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தை அவளுக்குத்தான் தெரியும்.

"கடைசியா ஒரு தடவை நல்லா பண்ணிடும்மா. நாளைக்குப் புது ஆள் வர்றாரு."

அவள் போர்வையைக் கட்டி, முடியை நனைத்தாள். அந்த நீள முடி தோளுக்குக் கீழே சொட்டச் சொட்டத் தொங்கியது. பிறகு பெடலை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்தாள். நாற்காலி பெருமூச்சு விட்டபடி இறங்கியது.

"ஏய், என்ன பண்றே? ஏத்து!"

"என் கை போற உயரம் இதுதான் சார்."

"கொள்கை என்னாச்சு?"

"அது கொள்கைதான் சார். தோள் என்னுது. வேணாம்னா எழுந்து போங்க. வெளிய வீடியோக்காரர் ரெடியா நிக்கிறாரு."

டைரக்டர் கண்ணாடியில் தன் வெறும் உச்சியைப் பார்த்தார், தொங்கும் முடியைப் பார்த்தார், எழவில்லை. சுருளக்கா முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெட்ட ஆரம்பித்தாள். கத்தரி நழுவவில்லை. பக்கத்தில் நடு நாற்காலிக்காரர் தன் கஸ்டமரை இறக்குகிற சத்தம் கேட்டது. அடுத்து முதல் நாற்காலியும்.

வெளியிலிருந்து வீடியோக்காரர் கத்தினார்: "சார், எங்க இருக்கீங்க? ஸ்டிக்கர் மட்டுந்தான் சிரிக்குது. கடை காலியா கெடக்கு!"

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "புது ஆளை..."

"வரட்டும் சார். துண்டு நிறைய கெடக்கு."

முடி உச்சியைக் கடந்து வலது காதில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் டைரக்டர் தணிந்த குரலில், "அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் வெட்டிடலாமா?" என்றார்.

"நானே வெட்டுறேன் சார்." சுருளக்கா கத்தரியைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் நடந்தாள். "எங்க வெட்டட்டும்? பல்லுக்கு மேலயா, கீழயா?"