புல்வெளியில் லாட வகுப்பு

வெர்லா ஸ்டாடர்ட் ஐடஹோ மாநில அரசுக் கல்லூரியில் குதிரைக்கு லாடம் அடிக்கக் கற்றுக்கொடுப்பவள். வாடகை குறைவு என்று கல்லூரி போன கோடையில் லாயத்தை எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓரிகன் மாநிலத்துக்கு மாற்றியது. வெர்லாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குதிரைகளையும்தான்.

இப்போது கல்லூரியின் காப்பீட்டுப் பிரிவு திடீரென்று விழித்துக்கொண்டது. வெளிமாநிலத்தில் வேலை செய்பவருக்குக் குழு மருத்துவக் காப்பீடு கிடையாதாம். அவள் கணவன் லேமாருக்கு வியாழக்கிழமை இதய அறுவை சிகிச்சை.

"கல்லூரியே உங்கள அங்க அனுப்பியிருந்தா காப்பீடு உண்டு மேடம்" என்றான் பிரிவுத் தலைவன் ட்ரென்ட் ஹேட்லாக், தொலைபேசியில். "லாயம் மாறுனதுக்கு உத்தரவு இருக்கு. நீங்க மாறுனதுக்கு இல்லையே."

"அப்ப நானா ஆசப்பட்டு குதிரை பின்னாடி ஓடிப்போனேனா?"

"விதி அப்படித்தான் மேடம்."

"சரி தம்பி."

எதிரே உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்த லேமார் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் 'சரி'யின் அர்த்தம் அவனுக்குத் தெரியும்.

"யாரை உதைக்கப் போற?"

"ஒருத்தரையும் இல்ல. ஐடஹோவுல வேலைக்குப் போறேன்."

மறுநாள் காலை குதிரைகளை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் பாலத்தைத் தாண்டி ஐடஹோவிலிருக்கும் கல்லூரிக்கு வந்தன. ட்ரென்டின் சன்னலுக்கு நேர் கீழே, சீராக வெட்டிய புல்வெளியில், உலை மூண்டது. பட்டடையில் சம்மட்டி விழுந்தது. மாணவர்கள் குளம்பு சீவினார்கள். ஜூனிபர் என்ற கோவேறு கழுதை கல்லூரிப் பெயர்ப்பலகையருகே சாவகாசமாகச் சாணி போட்டது. வெர்லாவுக்கு மனசு குளிர்ந்தது.

ட்ரென்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"மேடம், என்ன அநியாயம் இது! இது புல்வெளி!"

"எந்த மாநிலத்துப் புல்வெளி?"

"விளையாடாதீங்க. உங்க இடம் லாயம்."

"அங்க போக எனக்கு உத்தரவு இல்லைன்னு நீதானே சொன்ன? உத்தரவில்லாம வெளிமாநிலத்துக்கு நான் எப்படிப்பா போவேன்?"

ஜூனிபர் அவன் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. ட்ரென்டின் பொறுமை அத்தோடு போயிற்று.

"கல்லூரி சார்பா சொல்றேன்! எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இப்பவே ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் வேலையப் பாருங்க!"

சம்மட்டிகள் நின்றன. மாணவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது ட்ரென்டுக்கு மெல்ல உறைத்தது. முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாருக்கும் கேட்டுச்சா பசங்களா?" என்றாள் வெர்லா. "கல்லூரி என்னை அனுப்பிடுச்சு. தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. இங்கேயே, என் முன்னாடி."

அவன் போட்டான். வேறு வழியில்லாமல், லேமாருக்குக் காப்பீடு உண்டு என்று அவன் வாயாலேயே சொன்னான்.

"கெளம்புங்க மேடம், தயவுசெஞ்சு."

வெர்லா ஜூனிபரின் அடுத்த காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"லேமார் பொழச்சு கண்ணத் தொறக்கட்டும். அதுவரைக்கும் இவளும் நானும் இங்கதான்."