பற்றரிக்குக் காவல்

சிவராசா ஊருக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையம் போய்ச் சேரும்வரை காரைப் பற்றியே கதைத்தார். ஏறியிருந்த கொரோலாவைப் பற்றி அல்ல. மொன்றியலில் ரொக்ஸ்பரோ வீட்டுக் கராஜுக்குள் போர்வை மூடிப் படுத்திருந்த, ரெண்டே ரெண்டு சீற் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. ஐம்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டு வாங்கியது. கோடை ஞாயிறுகளில் கூரையை மடக்கிவிட்டு ஓடுவார். முதல் பனி விழ முன்னமே உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார். தங்கையின் மகளுக்குக் கலியாணம், பிறகு தாய் வீட்டுக் கூரை வேலை என்று சித்திரை வரும்மட்டும் யாழ்ப்பாணத்தில் நிற்கப்போகிற மனுசன், மனைவி செல்வமலரிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு வேலைதான்.

காரின் முன்மூடிக்குக் கீழிருந்து ஒரு வயர் வரும். அது சுவரில் செருகியிருக்கும் சின்னச் சார்ஜருக்குப் போகும். சார்ஜரில் பச்சை லைற் எரிந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. கார் சும்மா நின்றாலும் அலாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்குமாம். வெறுமையான பற்றரி குளிரில் உறைந்து வெடித்துப் போகுமாம். செல்வமலர் தலையாட்டினாள். கார்டெறியில், குழந்தைகள் காப்பகத்தில், நாள் முழுக்கக் குழந்தைகளுக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக் கழற்றுகிறவளுக்கு ஒரு லைற்றைப் பார்ப்பது பெரிய காரியமா?

ஒவ்வொரு நாளும் அவர் போன் எடுத்தார். முதலில் பச்சை லைற்றை விசாரிப்பார். பிறகு மகள் சாருஜாவின் படிப்பு. பிறகு கொரோலாவுக்கு ஒயில் மாற்றினதோ என்று. வைக்க முன் நேரமிருந்தால் செல்வமலரின் பாடு.

தை மாதத்தில் உறைமழை பெய்தது. மரக்கொப்புகள் கண்ணாடிபோல் இறுகி, முறிந்து, வயர்களில் விழ, வட்டாரம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. தாயும் மகளும் ஜக்கெற்றைக் கழற்றாமலே ஒரே கட்டிலில் போர்த்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சிவராசா எடுத்தார். கரண்ட் இல்லாமல் பற்றரி எவ்வளவு தாங்கும் என்பதுதான் அவருடைய கவலை.

"உங்கட பற்றரி சுகமாத்தான் இருக்கு. எனக்குத்தான் குளிருது," என்றாள் செல்வமலர். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் கரண்ட் வந்தது. சிவராசாவுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கார் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. வீட்டுக்குள் சூடு காணுமோ, முழங்கால் நோ எப்படி, படியில் வழுக்குமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனாலும் வீம்பு போகவில்லை. கராஜ் பக்கமே எட்டிப் பார்க்காமல் விட்டாள்.

மாசியில் படிக்குப் போடுகிற உப்பு முடிந்துபோய், புதுச் சாக்கு எடுக்கக் கராஜுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சார்ஜரில் லைற் இல்லை. கழற்றிச் செருகிப் பார்த்தாள். சிவராசா சுவர் ஆணியில் கொழுவிவிட்டுப் போன திறப்பை எடுத்து, காருக்குள் ஏறித் திருகிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. மேசை விளக்கைக் கொண்டுவந்து அந்தப் பிளக்கில் போட்டாள், அதுவும் எரியவில்லை. கணவருக்கு எடுத்துச் சொல்லலாம்தான். சொன்னால் மனுசன் அங்கே கூரையிலிருந்து விழுந்துவிடும்.

வீட்டுக்குள் வந்தால் சாருஜா தன் அறையில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். ஏன் குளியலறையில் செய்யவில்லை என்று தாய் கேட்டாள்.

"அங்க டிரையர் போட்டா டக்கெண்டு நிண்டிடும், அம்மா. கடைசியா நிண்டதுக்குப் பிறகு அந்தப் பிளக் வேலையே செய்யேல்ல. அதுதான் இஞ்ச வந்திட்டன்."

குளியலறைப் பிளக்கின் நடுவில், வெட்டுப்பட்ட கரண்டைத் திரும்ப எடுக்கிற ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. செல்வமலர் அதை அமர்த்தினாள். கராஜுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மேசை விளக்கு எரிகிறது. இரண்டுக்கும் ஒரே வயர்! மகளின் நீண்ட தலைமுடிதான் அப்பாவின் காரைச் சாகடித்திருக்கிறது.

சார்ஜரைத் திரும்பச் செருகினாள். சிவப்பு லைற் சிமிட்டியது, பச்சை வரவில்லை. பற்றரி அவ்வளவு வெறுமையாகிவிட்டதால், அப்படி ஒன்று இருப்பதையே சார்ஜர் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை பகல் கராஜ் கதவைத் திறந்து, கொரோலாவை முகத்துக்கு முகமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். பற்றரியின் பக்கங்களைத் தடவிப் பார்த்தாள், வீங்கவில்லை, வெடிக்கவில்லை. சாருஜா போனைப் பார்த்து எந்த வயர் எங்கே என்று சொல்லச் சொல்ல, இரண்டு கார்களுக்கும் கேபிள் கொழுவினாள். கொரோலாவைக் கொஞ்ச நேரம் இரைய விட்டுவிட்டுச் சிவப்புக் காரில் ஏறித் திறப்பைத் திருகினாள். முதல் முறை இருமியது. அடுத்த முறை பெரிய உறுமலோடு பிடித்துக்கொண்டது.

கால் தன்பாட்டில் கிளச்சை மிதித்திருந்தது. கலியாணத்துக்கு முன் வன்னியில் அவள் ஒரு தொண்டு நிறுவனத்தின் வான் ஓட்டினவள். குண்டும் குழியுமான றோட்டில் கியர் மாற்றி மாற்றிச் சாமான் கொண்டுபோனவள். மொன்றியலுக்கு வந்தபின் எல்லாம் ஓட்டோமற்றிக். இந்தக் காரின் திறப்பைச் சிவராசா தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று கியரைத் தள்ளிப் பார்த்தாள். கை மறந்திருக்கவில்லை. வெளியே உப்பும் பனியும், காரில் பனிக்கு உதவாத கோடை ரயர்கள். மனமில்லாமல் நிறுத்திச் சார்ஜரை மாட்டினாள். விடிய வந்து பார்க்கப் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

சித்திரை மழை உப்பைக் கழுவிய பிறகு இன்சூரன்ஸ்காரருக்குப் போன் அடித்து, கார் றோட்டுக்கு வருகிறது என்று அறிவித்தாள். ஆற்றோரமாகப் போகும் குவான் வீதியில் பழகினாள். ஒரு சந்தியில் எஞ்சின் நின்றுபோய்ப் பின்னால் ஆரோ ஹோர்ன் அடித்தார்கள். கையைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்தாள். பிறகு நிற்கவில்லை.

சிவராசா வந்திறங்கிய நாள் நல்ல வெயில், ஆனால் குளிர். கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டு, விமான நிலைய வாசலில் போய் நின்றாள். இரண்டு பெரிய சூட்கேசும் கயிறு கட்டிய பெட்டியுமாக வெளியே வந்தவர் அசந்துபோனார்.

"ஆர் கொண்டு வந்தது?"

"நான்தான்."

"கியர்?"

"அதுவும் நான்தான் போட்டனான்."

அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பின்மூடியைத் திறந்து ஒரு சூட்கேசை வைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், படுக்கப்போட்டுப் பார்த்தார். பாதிகூட உள்ளே போகவில்லை. பிறகு, சாமானோடு அவளை டாக்சியில் வரச் சொல்லித் திறப்புக்குக் கை நீட்டினார்.

"சாமான் உங்கட. நீங்கள் டாக்சியில வாங்கோ," என்றாள் செல்வமலர்.

சிவராசா சிரித்துவிட்டார். மறுக்காமல் போய் டாக்சியின் முன்சீற்றில் ஏறினார். ஒரு சிக்னலில் டாக்சி பக்கத்தில் வந்து நின்றபோது கண்ணாடியை இறக்கி, "ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏத்துவீரே?" என்று கேட்டார்.

"பாப்பம்," என்றாள்.

ஏற்றித்தான் போனாள். அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு அவர் ஓடினார், மறு ஞாயிறு அவள் ஓடினாள். அவளுடைய முறைகளில் அவர் பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தார். ஆடி மாதமளவில் அதையும் விட்டுவிட்டு, காற்றுக்குக் கண்ணை மூடிப் பழகிவிட்டார்.