தாண்டும்போதெல்லாம் ஒரு வாய்

ஜோவெலின் உட்கார்ந்தால் ஆள் வரும். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கை வைக்க வேண்டியதுதான், வாசலில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடும். உட்காரும் இடத்தில் மச்சம் உள்ள நர்ஸ் டூட்டிக்கு வந்தால் வார்டு நிரம்பிவிடும் என்பது அங்கே டாக்டர்கள்கூட எதிர்த்துப் பேசாத சங்கதி. ஜோவெலினுக்கு அப்படி ஒரு மச்சம் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்க உரிமையுள்ள ஒரே ஆளான அவள் கணவன் டான்டே, கிறிஸ்துமஸ் விருந்தில் மைக்கைப் பிடித்து, "சுத்தமா இல்ல, சத்தியமாச் சொல்றேன்" என்று அறிவித்தும் ஒருவரும் நம்பவில்லை.

இதற்கெல்லாம் மூல காரணம் ரொம்மெல். அவளோடு ஒரே ஷிப்டில் நிற்கும் ஆண் நர்ஸ். தொப்பையும் வாயும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தவன். ஒரு மழைக்காலத்தில் விளையாட்டாகச் சொன்னான், அது ஒட்டிக்கொண்டது. ஜோவெலினும் சிரித்தாள். சிரித்துவிட்டு, வீண் வம்பு எதற்கு என்று நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளப் பழகினாள். பிறகு அதுவும் போயிற்று. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். கழிவறை மருந்தகத்தைத் தாண்டிக் கோடியில் இருக்கிறது. போய்வருவதற்குள் நாலு பேருக்கு ட்ரிப்ஸ் தீர்ந்துவிடும். ஆகவே குடிப்பதே இல்லை. "நீ ஒரு ஒட்டகம்டீ" என்று தலைமை நர்ஸ் சொலெடாட் மேடம் ஒருநாள் மெச்சிவிட்டார். அதைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிந்தாள் பைத்தியக்காரி.

ஒட்டகம் இப்போது ஆறு மாத கர்ப்பம்.

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இது இரண்டாவது. போன வாரம் வயிறு கல்லாக இறுகி, விட்டு, மறுபடி இறுகியபோது கீழ்த்தளத்துப் பிரசவ டாக்டரிடம் ஓடினாள். டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிறுநீர்ல கிருமி. உடம்புல தண்ணியே இல்ல. வத்திப்போன உடம்புல கர்ப்பப்பை சும்மா இருக்காது, இறுகி இறுகிப் புள்ளையத் தள்ளப் பார்க்கும். ஆறு மாசத்துல தள்ளினா என்ன ஆகும்னு உனக்கு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளே பார்த்திருக்கிறாள். பயந்துதான் போனாள். இனி தண்ணீர் குடிப்பேன் என்று டான்டேயிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவனும் தினம் பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தனுப்பினான். அது அலமாரியில் நிரம்பியே கிடந்து நிரம்பியே வீட்டுக்குத் திரும்பும். உள்ளே போகுமுன் வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவாள். அந்த வாரம் செம்பருத்தி மட்டும் செழித்துப் பூத்தது. வார்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, இதில் தானும் சுமையாக வேண்டாம் என்ற நினைப்பு. எவ்வளவு தப்பான நினைப்பு!

டெங்கு காலம். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் காய்ச்சல், நடைபாதையிலும் நாலு கட்டில். அன்று காலை ஷிப்டுக்கு வரவேண்டிய ஒரு நர்ஸுக்கே டெங்கு. மிச்சம் இருந்தது ரொம்மெலும் ஜோவெலினும்தான். நடுவில் சொலெடாட் மேடம் போனைக் காதில் வைத்தபடி கீழே எமர்ஜென்சியோடு மல்லுக்கு நின்றார். டெங்குக்கு முக்கிய வைத்தியமே தண்ணீர்தானே. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களை ஜோவெலின் காலையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தாள். "குடுங்க, குடுங்க. இளநீர், கஞ்சித் தண்ணி, உப்புக் கரைசல், எதுவானாலும் சரி. வாய் வேண்டாம்னு சொன்னாலும் குடுங்க."

ஜன்னலோரக் கட்டிலில் நெனெங். மீன் சந்தையில் கடை போட்டிருப்பவள், குரலிலேயே சந்தை தெரியும். துணைக்கு அவள் புருஷன் பெர்த்திங், ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவர். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் கொடுக்கவேண்டும் என்று அவர் நச்சரித்தபோது ஜோவெலின் அவசரத்தில், "நான் இந்தக் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வாய் குடுங்கண்ணே, போதும்" என்று சொல்லிவிட்டாள்.

மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவள் தலை தெரிந்ததும் டம்ளர் தயாராகிவிடும். அவளோ ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காதவள். ஊசிக்கு ஒரு தரம், பெட்பேனுக்கு ஒரு தரம், அலறும் குழந்தைக்கு ஒரு தரம் என்று தாண்டிக்கொண்டே இருந்தாள். நெனெங்கின் வயிறு தவில்போல ஆயிற்று.

"யோவ், இவளை எங்கயாவது ஒரு இடத்துல கட்டிப்போடுய்யா. இல்லாட்டி இன்னைக்கு நான் மூழ்கியே செத்துடுவேன்."

"பேசாம குடிடீ. நர்ஸம்மா தாண்டிட்டாங்க."

"திரும்பி வர்றாளே!"

"அப்போ அதுக்கும் ஒரு வாய்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அன்று பிறந்தநாள். அவள் வீட்டார் பெரிய மூங்கில் தட்டு நிறையப் பன்சித் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நீள நீளமான இழைகள், சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்பார்கள். நர்ஸ் சாப்பிட்டால் நோயாளி வரிசை நீளும் என்பார்கள். அதனால் ரொம்மெல் அந்தத் தட்டைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, ஏக்கத்தோடு இரண்டு தரம் சுற்றிப்போனான்.

மத்தியானம் நெருங்கும்போது நெனெங்கின் காய்ச்சல் இறங்கியது. வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். ஜோவெலின் சந்தோஷப்படவில்லை. டெங்கில் காய்ச்சல் விட்டபிறகுதான் விவகாரமே. அந்த ஓரிரு நாள் நீர் குறைந்தால் ஆள் சரிந்துவிடும். "இனிமேதான் விடாம குடுக்கணும் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே ட்ரிப்ஸ் கம்பியை நகர்த்தினாள். அப்போது வயிறு இறுகியது.

கல்தான். போன வாரத்துக் கல். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். விட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். பெர்த்திங் கடமை தவறாமல் டம்ளரை நீட்டினார்.

"குடிக்க மாட்டேன்" என்றாள் நெனெங்.

"அடியே, நர்ஸம்மா தாண்டிட்டாங்கடீ."

"தாண்டட்டும். காலையிலேருந்து அவ தாண்டுறா, நான் குடிக்கிறேன். அவ தொண்டையில ஒரு சொட்டு இறங்கிப் பார்த்தியா? அந்த உதட்டைப் பாரு, வெயில்ல போட்ட கருவாடு கணக்கா." குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "ஏம்மா, இங்க வா. அஞ்சு பெத்தவ நான். இப்ப உன் வயிறு இறுகுச்சு, பார்த்தேன். நீ குடி, நான் குடிக்கிறேன். நீ குடிக்கலைன்னா இந்த வாயைத் தொறக்கவே மாட்டேன்."

"அக்கா, விளையாடாதீங்க. இப்ப நீங்க குடிக்கலைன்னா ஆபத்து."

"எனக்கு ஆபத்து, உனக்கு விளையாட்டா?"

ஜோவெலினுக்கு அழுகைதான் வந்தது. ட்ரே கையில் இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. ரொம்மெல் ஓடிவந்து ட்ரேயை வாங்கினான். சொலெடாட் மேடம் போனை வைத்துவிட்டு வந்தார். இருவரிடமும், அவ்வளவு பேர் முன்னால், ஜோவெலின் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். கிருமியை, முதல் பிள்ளையை, செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீரை எல்லாம் சொன்னாள்.

ரொம்மெலின் முகம் செத்துவிட்டது. "அக்கா, நான் சும்மா தமாஷுக்குத்தானே… என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பாட்டுக்கு எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்குவே. நீயும் சாப்பிடலியேடா."

அவன் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வார்டுக்கு நடுவில் போட்டான். வாசல்பக்கம் பார்த்தான். பழக்கதோஷம்.

சொலெடாட் மேடம் கையைப் பிசைந்தார். அந்த அம்மா கெட்டவர் இல்லை, ஆனால் மச்சத்தை மனதார நம்புகிறவர். "சாப்பிடு, தண்ணி குடி, யாரு வேணாம்னா? ஆனா கீழ மூணு கேஸ் காத்திருக்குடீ. இன்னைக்கு ஒருநாள் நின்னுக்கிட்டே சாப்பிட்டுடேன்?"

ஜோவெலின் அவரைப் பார்த்தாள். அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"மேடம், கொசு என் பின்பக்கத்தைப் பார்த்துட்டா ஊர்ல போய்க் கடிக்குது? அந்த மூணு பேரும் நான் நின்னாலும் வருவாங்க. வரட்டும். நான் சாப்பிட்டுட்டுப் பார்க்கிறேன்."

உட்கார்ந்தாள். பிறந்தநாள் பெண்ணின் அம்மா தட்டு நிறையப் பன்சித் வைத்து, கலமான்சி எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். நெனெங் தன் டம்ளரை உயர்த்திக் காட்டினாள். இவளும் டான்டேயின் பாட்டிலைத் திறந்தாள். இருவரும் ஒன்றாகக் குடித்தார்கள். தண்ணீர் இறங்குவது வயிறு வரைக்கும் தெரிந்தது.

பாதித் தட்டு காலியாகும்போது வாசலில் கிறீச் என்றது.

ஒரு ஸ்ட்ரெச்சர். அதன் பின்னாலேயே இன்னொன்று. வார்டே திரும்பி ஜோவெலினைப் பார்த்தது. சொலெடாட் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஜோவெலினின் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. "உக்காரு!" என்று கத்தினான் ரொம்மெல். ஐந்து வருஷத்தில் அவன் அவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. "முதல் கேஸ் என்னோடது. ரெண்டாவதை மேடம் பார்ப்பாங்க. பாட்டில் காலியாகாம எந்திரிச்சே, நானே உன்னைக் கட்டில்ல கட்டிப்போட்டுடுவேன்."

"கட்டு, கட்டு, காலையிலேருந்து அதைத்தான் நான் சொல்றேன்" என்றாள் நெனெங்.

கடைசி இழை வரைக்கும் சாப்பிட்டாள். பாட்டிலை முடித்தாள். பிறகு எழுந்து, நிதானமாக மருந்தகத்தைத் தாண்டிக் கோடிவரை நடந்துபோய் வந்தாள். அந்த வழியில் அவள் ஓடாமல் நடந்தது அன்றுதான்.

திரும்பி வந்தபோது இரண்டாவது ஸ்ட்ரெச்சரில் வந்த சின்னப் பெண்ணுக்கு நரம்பு கிடைக்காமல் சொலெடாட் மேடம் திணறிக்கொண்டிருந்தார். குழந்தையின் தாய் அழுதுகொண்டிருந்தாள். ஜோவெலின் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தயங்காமல் உட்கார்ந்தாள். பிஞ்சுக் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தடவினாள். முதல் குத்திலேயே ஊசி ஏறியது. அப்போதுதான் கவனித்தாள், வயிறு இளகிக் கிடந்தது. உள்ளே இருந்த ஆள் பன்சித்தின் ருசியில் ஓர் உதை விட்டது.

"அந்த மூங்கில் தட்டுல மிச்சம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார் சொலெடாட் மேடம். "என்ன ஆனாலும் வர்றவங்க வந்துட்டாங்க. இனிமே பசியோட நிக்கிறதுல என்ன லாபம்?" அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த வார்டு அன்றுதான் பார்த்தது. அவருக்குப் பிறகு ரொம்மெல் உட்கார்ந்தான். தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தான்.

மறுநாளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உட்கார்ந்தவரின் கட்டில்களை மற்றவர் பார்த்துக்கொண்டார். நெனெங் வீடு போகும்வரை, ஜோவெலின் அந்தக் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் பெர்த்திங் இரண்டு டம்ளரை நீட்டினார். நெனெங் போனபிறகு அந்தக் கட்டிலுக்கு வந்தவர்களும் ஏன் என்று தெரியாமலே நீட்டினார்கள். பழைய துணையாட்கள் புதியவர்களுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நோயாளிகள் எப்போதும்போல வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடக் கூடவில்லை, குறையவும் இல்லை.

வார்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகள் தொங்க ஆரம்பித்த சமயம், மாதம் நிறைந்து, ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதுகொண்டு பிறந்தாள் ஜோவெலினின் மகள். ஷிப்டு முடிந்த கையோடு ரொம்மெலும் சொலெடாட் மேடமும் கீழே ஓடினார்கள். டான்டே குழந்தையை வைத்துக்கொண்டு சிரிப்பும் கண்ணீருமாக நின்றான்.

"மச்சான், முதல்ல ஒரு விஷயம் சொல்லு" என்றான் ரொம்மெல். "மச்சம் இருக்கா?"

டான்டே துணியை மெல்ல விலக்கிக் காட்டினான். உட்காரும் இடத்திலேயே, காசு அகலத்துக்கு, நீலமாக.

"போச்சு!" என்றான் ரொம்மெல். "இவ நர்ஸானா வார்டு தாங்காது."

சொலெடாட் மேடம் குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுத்திருந்த ஜோவெலினின் வறண்ட உதட்டைப் பார்த்தார். தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவள் வாயருகே கொண்டுபோனார்.

"ஆகட்டுமே. வயித்துல இருக்கும்போதே உக்காந்து சாப்பிடக் கத்துக்கிட்டவ. நீ முதல்ல இதைக் குடி."