காலி நாற்காலியில் ஒரு துண்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பியூட்டி பார்லர் நடத்தும் என் அண்ணி போனில் அழுதுகொண்டே சொன்னது. "எழுதுங்க தம்பி, என் பேரை மட்டும் போடாதீங்க," என்றார். வழக்கம்போல் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது:

'வெள்ளைப் பற்கள் மின்ன, கலகலவென்று சிரித்தபடி அந்தக் கறுப்பினப் பெண் உள்ளே

(பாதியில் நிற்கிறது. அழிக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன்.)

2

நாற்காலிமேல் துண்டு கிடந்தால் யாருக்கோ ஒதுக்கியாயிற்று என்று பொருள். அண்ணி கடை வழக்கம் அது. அன்று காலை கடையில் ஈ காக்கை இல்லை. அடர்ந்த சுருள்முடியோடு அந்தப் பெண் வாசலில் நின்றதும், அண்ணியின் கை தானாக ஒரு துண்டை எடுத்து நாற்காலியில் போட்டது.

"இன்னிக்கு இடமில்லம்மா."

"சாயங்காலம் எனக்குக் கல்யாணம். கொஞ்சம் பாருங்க."

"ஆள் வராங்கம்மா."

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். படியிறங்கினாள்.

3

இதுவரை எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"அவ சிரிச்சான்னு யார் சொன்னது?"

"இல்ல அண்ணி, ஒரு இதுக்காக..."

"எதுக்காக? நான் துண்டைப் போட்டேன், நீங்க பல்லைப் போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

சுருக்கென்றது. "நாமளே கறுப்புதானே அண்ணி, நமக்கு எப்படி அந்த மாதிரி..."

"அதான் தம்பி எனக்கும் புரியல. தெனம் கண்ணாடியில பாக்குற நிறம். அடுத்தவ மேல பாத்தா பயந்துக்குறேன்."

4

முடிவு ஒன்று: அண்ணி அழ, அவள் கட்டியணைத்து, "பரவாயில்லக்கா" என்று

(வேண்டாம். அவளைத் திருடியாக எழுதியிருந்தால் தப்பென்று எனக்கே தெரிந்திருக்கும். தேவதையாக எழுதுவது மட்டும் சரியா? கல்யாண நாளில் அவள் நம்மைத் தேற்ற வேண்டுமா?)

நடந்ததையே சொல்கிறேன். அண்ணி ஏப்ரனோடு, செருப்பில்லாமல், பேருந்து நிறுத்தம் வரை ஓடினார். ஓடிப்போய்க் கூப்பிடும் அந்தச் சின்னத் தூரத்தில்தான் கடவுள் நிற்கிறார் என்று நம்புகிறவன் நான்.

"இடம் இருக்கும்மா. பொய் சொல்லிட்டேன். உங்களைப் பாத்ததும் மனசு கோணிப்போச்சு. இந்த மாதிரி முடியில கை வச்சதில்ல. கத்துக்கணும்னும் தோணினதில்ல. தப்பு என்மேலதான்."

அவள் அண்ணியின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு, "வேற கடை தேட எனக்கு நேரமில்ல," என்று கடைப் பக்கம் திரும்பி நடந்தாள். நாற்காலியில் கிடந்த துண்டைத் தானே எடுத்துப்போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"காஞ்சிருக்கிறப்ப சீவாதீங்க. நனைச்சுக்கிட்டு, நுனியிலேருந்து வாங்க."

அண்ணி கேட்டுக் கேட்டுச் செய்தார். முடித்ததும் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினார். அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இடது பக்கம் தூக்கலா இருக்கு. சரி பண்ணுங்க."

"அப்பதான் தம்பி எனக்கு மூச்சே வந்துச்சு," என்றார் அண்ணி. "எல்லாரும் சொல்ற குறையைத்தானே அவளும் சொன்னா."

எனக்கும் மூச்சு வந்தது.

5

அவள் மன்னித்தாளா? அண்ணி கேட்கவில்லை. அது அவளிடம் இருப்பது. நான் எடுத்து எழுதமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாசலில் மறித்து நிற்காதீர்கள். சாயங்காலம் அவளுக்குக் கல்யாணம்.