மூன்றாம் ஞாயிற்று வாசகர்

எங்கள் சபையில் புத்தகம் சம்பந்தப்பட்ட காரியம் எதுவானாலும் செவ்வந்தி டீச்சரைக் கேள் என்பார்கள். அந்தச் செவ்வந்தி டீச்சர் நான்தான். சூலூருக்குத் தெற்கே, தறிச் சத்தம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் ஓய்கிற ஊர். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் கொண்ட சின்னச் சபை. வாரமெல்லாம் நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் வாத்தியாராகவே இருப்பேன். யாரும் கேட்காமலே திருத்துவது எனக்குப் பழகிப்போன குணம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அந்த ரகம்.

பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை மாற்ற வேண்டும் என்று மூன்று வருடம் சண்டை போட்டேன். அதில் ஒரு வாக்கியம் தொடங்கினால் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள், பொருள் கேட்டால் முழிக்கிறார்கள். செயலாளர் ரூபன் என் பக்கம். ஆயர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். கடைசியில் சபையின் ஐம்பதாவது ஆண்டுக்கு எல்லா வீட்டுக்கும் எளிய தமிழ் வேதாகமம், பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அதை நான் எவ்வளவு சிரத்தையாகச் செய்தேன் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டவுன்ஹால் பக்கம் உள்ள கடையில் இரண்டு சனிக்கிழமை முழுக்க நின்றேன். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் படப் புத்தகம். அதிலும் வெள்ளத்தில் ஊரே மூழ்குகிற பக்கம் இருந்ததை ஒதுக்கிவிட்டு, பேழைக்குள் யானை ஏறுவதோடு கதை முடிகிறதை எடுத்தேன். பத்து வயதுக்கு, பக்கத்துக்கு ஆறு வரி. வாலிபர்களுக்கு அடிக்குறிப்பு உள்ளது. கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்து. “ஏனுங்க மேடம், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவங்ககூட இத்தன பாக்க மாட்டாங்க” என்று கடைக்காரர் கிண்டலடித்தார். பட்டியலுக்கு மேலே ‘எல்லா வயதினருக்கும்’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். படிக்கத் தெரியாதவருக்கு என்று ஒரு வரி அதில் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எங்கள் சபையில் முறை உண்டு. முதல் ஞாயிறு ரூபன், இரண்டாம் ஞாயிறு நான், மூன்றாம் ஞாயிறு மயில்சாமியண்ணன். தறிப்பட்டறையில் மெக்கானிக். வயது ஐம்பத்தாறு. மனைவி மாசாணியம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் மதிவதனி ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் மேடை ஏறினால் சபை அசையாது. திக்காமல், வேகம் கூட்டாமல், ஒவ்வொரு சொல்லையும் அதனதன் எடையோடு வைப்பார். விரல் வரியின் மேல் நகரும். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்புவார். தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கே பொறாமையாக இருக்கும். ஊரில் மூன்று மயில்சாமிகள் உண்டு. இவரை ‘வாசிக்கிற மயில்சாமி’ என்றுதான் சொல்வார்கள்.

புதுப் புத்தகம் வந்ததும் நான் ஒரு சட்டமும் போட்டேன். இனிமேல் பாடம் வாசிக்கும்போது சும்மா கேட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. அவரவர் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். அப்போதுதான் தூக்கம் வராது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை பள்ளி விடும் நேரத்தில் மயில்சாமியண்ணன் கேட்டில் நின்றிருந்தார். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

“ஏனுங்க டீச்சர், இந்த ஞாயித்துக்கெழமை ஒருவாட்டி பழைய புத்தகத்துலயே வாசிச்சுக்கட்டுங்களா?”

“எதுக்குங்ணா? மேசை மேல புதுசைக் கொண்டாந்து வெச்சாச்சு. எல்லாரு கையிலயும் அதுதான் இருக்குது.”

“இல்லீங்க... பழகினது அது. அதுக்குத்தான்.”

“நீங்களே இப்படிச் சொன்னா மத்தவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றதுங்ணா? எடுத்துப் படிச்சுப் பாருங்க. சின்னப் புள்ள கூடப் படிச்சுரும்.”

“சின்னப் புள்ள கூடப் படிச்சுருமுங்களா?” என்று சிரித்தார். “செரீங்க, வாரேனுங்க.” சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்தார். விதைக்கிறவனைப் பற்றிய உவமை. முதல் வசனத்திலேயே விரல்கள் நின்றன. அவர் வாயில் வந்தது பழைய தமிழ். எங்கள் கையில் இருந்தது புதிய தமிழ். இரண்டாம் வசனத்தில் பக்கம் புரட்டும் சத்தம். மூன்றாவதில் பின் வரிசையில் ஒரு பெண்பிள்ளை “இதுல அப்படி இல்லையே” என்று கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், பழையதை ஒளித்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னேன்.

“ண்ணா, மேசை மேல இருக்கற புத்தகத்தப் பாத்துப் படிங்க!”

அவர் நிறுத்தினார். மேசையில் ஒரே ஒரு புத்தகம்தான் திறந்திருந்தது. அது புதியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். ஆசீர்வாதத்துக்கு முன்பே ஆளைக் காணோம்.

“பாத்தீங்ளா டீச்சர்? புதுப் புத்தகத்த முன்னால வெச்சுக்கிட்டு, பழசை மனப்பாடம் பண்ணி வந்து ஒப்பிக்கிறாரு. நம்மள மட்டந்தட்டறாராமா” என்றார் ரூபன். நானும் ஆமாம் என்றேன். இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேரில் கேட்டுவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மதிவதனியின் குரல் கேட்டது. பிள்ளை வந்திருக்கிறாள் போல என்று வாசலில் நின்றேன். குரல் போனிலிருந்து வந்தது, அவள் பேசிப் பதிவு செய்து அனுப்பியது.

“அப்பா, இது அடுத்த மாசத்துக்கு. பன்னெண்டு வசனம். மெதுவாச் சொல்றேன், வேல இல்லாதப்ப நாலு வாட்டி கேளுங்க. ஏழாவது வசனம் முடிஞ்சதும் பக்கம் திருப்பணும்.”

பிறகு அவள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் மயில்சாமியண்ணனின் குரல் அதைத் திருப்பிச் சொன்னது. சபையில் நாங்கள் அசையாமல் கேட்ட அதே குரல். அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

“வாங்க டீச்சர். உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “ஒம்பது வயசுல தறிக்குப் போனவனுங்க. கையெழுத்துப் போடத் தெரியும், அம்புட்டுத்தான். என்ற ஊட்டுக்காரி எட்டாவது. அவதான் ராத்திரியில சொல்லிக் குடுப்பா. அப்பறம் புள்ள சொல்லிக் குடுக்குது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்ணா.”

“சொல்லத்தாங்க வந்தேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்தவள், என் புத்தி எங்கே போகும், “நான் படிக்கக் கத்துத் தாரேங்ணா, ஆறு மாசம் போதும்” என்றேன். பையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கியதில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். அட்டையில் ஒரு ஆட்டுக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து மரியாதையாக என் பையிலேயே திரும்ப வைத்தார்.

“பட்டறையில என்னைய ‘ஏப்பா’ன்னுதான் கூப்புடுவாங்க டீச்சர். சபையிலதான் வாசிக்கற மயில்சாமி. அது போனாப் போகுது. பிடிவாதக்காரன்னு பேசிக்கறாங்கல்ல, அப்படியே இருக்கட்டும். எழுத்துத் தெரியாதவன்னு மட்டும் வேண்டாமுங்க. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. முதல் விஷயமே மயில்சாமியண்ணன்தான். சபையை அவமதித்திருக்கிறார், எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும் என்றார் ரூபன். அவரே கைப்பட எழுதி, ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் வாசிக்க வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் வாக்குப் போகும். சொல்லாவிட்டால் அந்தக் காகிதம் அவர் வீட்டுக்குப் போகும். நான் அவமானப்படுத்தினேன், என்னை மன்னியுங்கள் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, என் பேர் அதிகம் கெடாத மாதிரி ஒரு பொய் கைவசம் வந்தது.

“தப்பு என்மேலதானுங்க. இந்த ஒருவாட்டி பழசுலயே வாசிங்கன்னு நான்தான் அவருகிட்டச் சொல்லியிருந்தேன். மறந்துபோயிச் சத்தம் போட்டுட்டேன்.”

ஆயர் முகம் மலர்ந்தது. “அட, இவ்வளவுதானா? அப்படின்னா வர்ற ஞாயித்துக்கெழமை அவரே புதுப் புத்தகத்துல வாசிக்கட்டும். மனசுல ஒண்ணுமில்லைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.” எல்லோரும் நல்லது என்றார்கள். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“ஏனுங்க அம்மணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க? பிடிவாதக்காரன்னு இருந்துட்டுப் போயிருப்பனே.”

மதிவதனிக்கு அந்த வாரம் ஓயாத டியூட்டி. அவளிடம் புதிய புத்தகமும் இல்லை. நானே உட்கார்ந்து வாசித்தேன். வெள்ளி ராத்திரி, சனி காலை, சனி மதியம். பதினாலு வசனம். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வார். நாலாவது வசனத்துக்குள் பழைய சொல் வந்து நடுவில் விழும். திருத்துவேன். மறுபடி விழும். அவர் நெற்றியில் வேர்வை. “இது பேசற மாதிரியே இருக்குதுங்க, நெஞ்சுல நிக்க மாட்டேங்குது. அது பாட்டு மாதிரி, தானா வரும். மாசாணி குரலோட வரும்” என்றார். பேசுகிற மாதிரியே இருக்கிறது என்றுதான் நான் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சனி மதியம் புத்தகத்தை அவரே மூடினார். “போதுமுங்க. நாளைக்கு நான் பாத்துக்கறேன்” என்றார். உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிடுவார் என நினைத்தேன். சொல்லப்போனால் அப்படி ஆகட்டும் என்று ஜெபமே பண்ணினேன்.

வந்தார். வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரியிருந்தார். ஆயர் பெயரைச் சொன்னதும் மேடை ஏறினார். முப்பத்தெட்டுக் குடும்பமும் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காத்திருந்தது. அவர் மேசை மேல் இருந்த புத்தகத்தைத் தொடவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க” என்றார். “இத்தன வருசமா ஊட்டுல சொல்லிக் குடுத்ததக் கேட்டுத்தான் சொன்னேன். படிக்கற மாதிரி உங்களையெல்லாம் நம்ப வெச்சிருக்கறேன். சபையில பொய் நிக்கக் கூடாது. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்.”

கையெடுத்துக் கும்பிட்டார். என் பெயரை அவர் சொல்லவில்லை. நான் கமிட்டியில் சொன்ன பொய்யையும் சொல்லவில்லை. நான் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த நேரத்தில் எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், அவரல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். போன வாரம் எவ்வளவு சுலபமாக எழுந்து நின்றேன்! இன்றைக்கு மடியிலிருந்த புத்தகத்தில் வசனம் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் இறங்கி வந்தார். ஆயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடம் வாசிக்கப்படாமல் ஆராதனை நகர முடியாது. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் எழுந்து போனேன். பதினாலு வசனத்தையும் ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தேன்.