அக்கா தொட்ட யானை

1

இந்தக் கதையை அக்காவுக்குத் தெரியாமல்தான் எழுத ஆரம்பித்தேன். அவளுடைய ஆட்டத்தை எழுதப்போவதாக நினைப்பு. பாதி எழுதிய பிறகுதான் புரிந்தது, எழுத வேண்டியது நான் செய்த திருட்டை.

முதல் தொடக்கம்: 'மருத்துவமனையின் கூட்ட அறையில் அறுபத்து நான்கு கட்டங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு...' [அடித்துவிட்டேன். கட்டம் எங்கே மூச்சு விடுகிறது?]

நேராகவே சொல்கிறேன். அக்கா அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். செஸ்ஸில் மட்டும் ஜெயிக்கிற ஆட்டத்தை முடிக்கத் தெரியாது. செக்மேட் கண்ணெதிரே கிடக்கும். இவள் ஒரு சிப்பாயை வெட்டப் போய்விடுவாள். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'முக்கால்'. அங்கே சிரிப்பாள், வீட்டுக்கு வந்து அழுவாள்.

"இந்த ஃபைனலும் போச்சுன்னா போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்டா" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

2

ஊழியர்களுக்கான செஸ் போட்டியின் ஃபைனல். எதிரே மருந்துக்கிடங்கு அதிகாரி. (வில்லனாக்கப் பார்த்தேன், முறுக்கு மீசைகூட வைத்தேன். பாவம், நல்ல மனுஷன். மீசையை எடுத்துவிட்டேன்.) அவர் தன் ராணியை அக்காவின் யானைக்குப் பக்கவாட்டில், அது வெட்டும்படி கொண்டுவந்து வைத்தார். தூண்டில்தான். யானை அதை வெட்டினால், அவருடைய யானை அக்காவின் கடைசி வரிசைக்கு வந்து ஆட்டத்தை முடித்துவிடும்.

அவர் ஒன்றைக் கோட்டை விட்டிருந்தார். அவருடைய ராஜாவும் தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தார். அக்காவின் அதே யானை நேராக அவருடைய கடைசி வரிசைக்கு ஓடினால் மேட்.

சுவரோரம் நின்ற எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பார்வையோ ராணியை விட்டு நகரவில்லை. வேடிக்கை பார்க்கிறவர் ஜாடை காட்டினால் அது கள்ளாட்டம்.

3

முதல் மூன்று வரைவுகளிலும் நான் சும்மா நின்றேன். அது பொய். இருமினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. [இதை அடிக்க மாட்டேன்.]

நடுவர் நிமிரவில்லை. அக்கா நிமிர்ந்தாள். என் கண் போன இடத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கடைசி வரிசையைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. கடிகாரத்தில் நாற்பது விநாடி இருந்தது.

4

ஜெயிப்பதாக ஒன்றும் தோற்பதாக ஒன்றும், இரண்டு முடிவுகள் எழுதி நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டையும் கிழிச்சுப் போடு."

"ஏன்க்கா?"

"இன்னும் பத்து செகண்ட் விட்டிருந்தா நானே பார்த்திருப்பேனோ என்னவோ. அதைத் தெரிஞ்சுக்கவே விடாம பண்ணிட்டே. இப்ப கதையையும் நீயே முடிக்கப் போறியா?"

கிழித்துவிட்டேன். நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். சொல்லும் உரிமை எனக்கில்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். அக்கா யானையைத் தொட்டுவிட்டாள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ராணியை வெட்டினால் யோக்கியமாகத் தோற்பாள். கடைசி வரிசைக்குப் போனால் என் இருமலோடு ஜெயிப்பாள். பதினொரு விநாடி மிச்சம். உங்களுக்கு எது வேண்டுமோ, தயவுசெய்து முகத்தில் காட்டாதீர்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.